‘நாம்’ எப்போது போய்ச் சேர்வோம்? விண்மீன்களுக்கிடையிலான பயணக் காலம் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

சில வாரங்களுக்கு முன் புனேயில் வானியல் குறித்த பொது உரை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். உரை முடிந்ததும் பள்ளி மாணவி ஒருத்தி எழுந்து, “சூரியனுக்கு அடுத்த விண்மீனுக்கு நாம் போய்ச் சேர எவ்வளவு காலம் ஆகும்?” என்று மராத்தியில் கேட்டாள். “இன்று நம்மிடமுள்ள வேகத்தில் சுமார் எழுபத்தைந்தாயிரம் ஆண்டுகள்” என்றார் உரையாளர். அரங்கம் சிரித்தது. கேட்டவள் மட்டும் சிரிக்கவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் பயன்படுத்திய ஒரு சொல்லே என் நினைவில் இருந்தது. மராத்தியில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. ‘ஆம்ஹீ’ என்றால் நாங்கள். ‘ஆபண்’ என்றால் நாம். இந்தியில் இவ்வேறுபாடு இல்லை. மராத்தியில் அது இருப்பதைத் திராவிட மொழிகளோடு கொண்ட நெடுந்தொடர்பின் தடயமாகக் கருதும் அறிஞர்கள் உண்டு. அந்த மாணவி ‘ஆபண்’ என்றாள். கேட்பவரையும் உள்ளடக்கிய பன்மை அது. எழுபத்தைந்தாயிரம் ஆண்டு என்னும் விடைக்கு அந்தச் சொல் பொருந்துமா? தொலைவை வேகத்தால் வகுத்துக் காலத்தைச் சொல்வது எளிது. போய்ச் சேர்பவர் யார் என்று சொல்வதுதான் கடினம். விண்மீனிடைப் பயணத்தின் காலத்தை இயற்பியல் ஒருவிதமாகவும் வரலாறும் மொழியியலும் வேறுவிதமாகவும் அளக்கின்றன. இவ்விரு அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் தொலைவு. நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் தொகுதி ஆல்பா சென்டாரி. வெறுங்கண்ணுக்கு ஒற்றை விண்மீனாகத் தெரியும் அது உண்மையில் இரட்டை விண்மீன் என்பதை முதன்முதலில் கண்டவர் ழான் ரிஷோ என்னும் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி. 1689 டிசம்பரில் வால்மீன் ஒன்றை நோக்கிக்கொண்டிருந்தபோது தொலைநோக்கியில் அதனைக் கண்டார். அவர் நோக்கிய இடம் புதுச்சேரி. மனிதர் என்றேனும் வேறொரு விண்மீனுக்குப் புறப்பட்டால் பெரும்பாலும் அத்தொகுதிக்கே புறப்படுவர் என்பதால், அந்த வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று நம் கடற்கரையில் எழுதப்பட்டது என்று சொல்லலாம்.

ஆனால் அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது ரிஷோவுக்குத் தெரியாது. அறிந்துகொள்ளும் வழியும் அன்று இல்லை. பூமி சூரியனைச் சுற்றிவரும்போது அருகிலுள்ள விண்மீன் சற்றே இடம் பெயர்வதுபோல் தோன்றும். அந்த மிக நுண்ணிய கோணத்தை அளந்தால் தொலைவைக் கணக்கிடலாம். 1838-இல் பெசல் வேறொரு விண்மீனுக்கு இதைச் செய்து காட்டினார். நன்னம்பிக்கை முனையில் 1832, 1833 ஆண்டுகளில் எடுத்த அளவுகளைக் கொண்டு தாமஸ் ஹெண்டர்சன் ஆல்பா சென்டாரியின் தொலைவை 1839-இல் வெளியிட்டார். அதே தொகுதியைச் சேர்ந்த, இன்னும் சற்று அருகிலுள்ள மங்கலான சிவப்பு விண்மீனான பிராக்சிமா, 1915-இல் ராபர்ட் இன்னஸ் என்பவரால் கண்டறியப்பட்டது. அதன் தொலைவு 4.24 ஒளியாண்டுகள், அதாவது ஏறத்தாழ 40 லட்சம் கோடி கிலோமீட்டர். 2016-இல் அதனைச் சுற்றிவரும் கோள் ஒன்று கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டபின், “எப்போது போகலாம்” என்னும் கேள்வி மீண்டும் சூடு பிடித்தது.

இனி வேகம். வாயேஜர் 1 விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனை விட்டு விலகிச் செல்கிறது. அந்த வேகத்தில் பிராக்சிமாவின் தொலைவைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும். உரையாளர் சொன்ன எண் இதுவே. ஆனால் வாயேஜரில் மனிதர் இல்லை. பூமியைச் சார்ந்து மனிதர் பயணம் செய்த உச்ச வேகமாக நெடுங்காலம் நிலைத்திருப்பது 1969-இல் அப்போலோ 10 விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது எட்டிய மணிக்கு 39,897 கிலோமீட்டர். அதைக் கொண்டு கணக்கிட்டால் பயணம் ஏறத்தாழ 1,15,000 ஆண்டுகளாக நீள்கிறது. பார்க்கர் சூரிய ஆய்வுக்கலம் 2024 டிசம்பரில் நொடிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது உண்மை. ஆயினும் அது சூரியனை நோக்கி விழுந்ததால் பெற்ற வேகம்; சூரியனை விட்டு விலகிச் செல்லும் பயணத்திற்கு அதை எடுத்துச் செல்ல இயலாது. ஒரு பேச்சுக்கு அதையே வைத்துக்கொண்டாலும் 6,600 ஆண்டுகள்.

தாளில் வரையப்பட்ட கலங்கள் இவற்றினும் விரைவானவை. ஹைட்ரஜன் குண்டுகளை அடுத்தடுத்து வெடிக்கச் செய்து உந்தப்படும் கலம் ஒன்றை ஃப்ரீமன் டைசன் 1968-இல் கணக்கிட்டுக் காட்டினார். நொடிக்கு 10,000 கிலோமீட்டர் வேகம். ஆல்பா சென்டாரிக்குச் சுமார் 130 ஆண்டுகள். பிரிட்டிஷ் கோளிடைக் கழகத்தினர் 1973 முதல் 1978 வரை உருவாக்கிய டீடலஸ் திட்டத்தில், அணுக்கருப் பிணைவு ஆற்றலால் இயங்கும் கலம் ஒளிவேகத்தில் 12 விழுக்காட்டை எட்டி, 5.9 ஒளியாண்டு தொலைவிலுள்ள பர்னார்டு விண்மீனை ஏறத்தாழ 50 ஆண்டுகளில் கடந்து செல்வதாக அமைந்தது. அதில் மனிதர் கிடையாது. சேருமிடத்தில் நிற்பதற்கான ஏற்பாடும் கிடையாது.

“ஐன்ஸ்டீனை மறந்துவிட்டீர்களே” என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மறக்கவில்லை. பூமியின் ஈர்ப்புக்கு நிகரான முடுக்கத்தைப் பாதிவழி வரை கொடுத்து, மீதிவழியில் அதே அளவு வேகத்தைக் குறைத்துக்கொண்டே சென்றால், கலத்திலுள்ளவரின் கடிகாரத்தில் சுமார் மூன்றரை ஆண்டுகளிலேயே பிராக்சிமாவை அடைந்துவிடலாம். பூமியில் ஆறாண்டுகள்கூட ஆகியிருக்காது. சமன்பாடு இதை அனுமதிக்கிறது, ஆற்றல்தான் அனுமதிப்பதில்லை. ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டுவதற்கே, ஒவ்வொரு கிலோகிராம் எடைக்கும் குறைந்தது 12.5 கோடி யூனிட் மின்சாரத்திற்கு ஈடான ஆற்றல் வேண்டும். மக்கள் குடியிருக்கும் கலம் 10,000 டன் எடை என்று வைத்துக்கொண்டால், இந்தியா இன்று ஓராண்டில் உற்பத்தி செய்யும் மின்சாரத்தைப் போல் ஏறத்தாழ 700 மடங்கு. எரிபொருளின் எடையையோ, போய்ச் சேர்ந்ததும் நிற்பதற்கான செலவையோ இதில் சேர்க்கவில்லை. அத்தனையும் செய்து அந்த வேகத்தில் 42 ஆண்டுகள் பயணம் செய்தாலும், சார்பியல் விளைவால் பயணிக்கு மிச்சமாவது இரண்டரை மாதங்களே. எனவே கைக்கெட்டக்கூடியதாகக் கற்பனை செய்யத்தக்க எந்த வேகத்திலும், விண்மீனிடைப் பயணம் ஒரு வாழ்நாளின் பெரும்பகுதியையோ பல வாழ்நாட்களையோ கேட்கிறது.

இங்கே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்க விரும்புகிறேன். வேகத்தைக் கொடுத்துக் காலத்தைக் கேட்பதற்கு மாறாக, மனிதர் தலைமுறை தாண்டி ஒரே நோக்கத்தோடு உண்மையில் தாக்குப்பிடித்த கால அளவுகளை எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்திற்குள் பிராக்சிமாவை அடைய என்ன வேகம் வேண்டும் என்று கேட்போம். இதற்கான சான்றுகள் புனேயிலேயே கிடைக்கின்றன.

பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தில் மகாபாரதச் செம்பதிப்புப் பணி 1919-இல் தொடங்கியது. தொடங்கி வைத்த ரா. கோ. பண்டார்கர் 1925-இல் மறைந்தார். அதே ஆண்டு பொறுப்பேற்று, பதிப்பு நெறியை வகுத்த வி. சீ. சுக்தங்கர் 1943-இல் மறைந்தார். பெல்வல்கரும் அவருக்குப்பின் வைத்யாவும் தொடர, 1966-இல் பதிப்பு நிறைவுற்றது. 1,259 சுவடிகள் அப்பணிக்காகத் திரட்டப்பட்டன. தஞ்சைச் சரசுவதி மகாலிலும் சுவடிகள் ஒப்பிடப்பட்டன. மொத்தம் 47 ஆண்டுகள். அந்தக் காலத்திற்குள் பிராக்சிமாவை அடைய வேண்டுமானால் ஒளிவேகத்தில் 9 விழுக்காடு வேண்டும்.

அடுத்து டெக்கான் கல்லூரியின் வரலாற்று முறைச் சமற்கிருதப் பேரகராதி. எஸ். எம். காத்ரே 1948-இல் தொடங்கிய திட்டம் இது. சுமார் 1,500 நூல்களிலிருந்து மேற்கோள்கள் காகிதத் துண்டுகளில் எழுதப்பட்டு இழுப்பறைகளில் அடுக்கப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை ஒரு கோடியை ஒட்டியது என்பர். முதல் பகுதி அச்சேறியது 1976-இல். இன்றுவரை அகர வரிசையின் முதல் எழுத்தைத் தாண்டவில்லை. 1948-இல் புறப்பட்ட கலம் ஒன்று 2025-இல் பிராக்சிமாவைத் தொட வேண்டுமானால் அதன் வேகம் ஒளிவேகத்தில் ஐந்தரை விழுக்காடு. இழுப்பறையைத் திறந்து, தாம் பிறப்பதற்கு முன் யாரோ எழுதிவைத்த துண்டை எடுத்துப் பார்க்கும் இன்றைய ஆய்வாளர், தலைமுறைக் கலத்தின் நடுவழியில் பிறந்தவருக்கு ஒப்பானவர். அவர் புறப்பாட்டைக் கண்டதில்லை. சேர்க்கையைக் காணப்போவதும் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு வசதி உண்டு: மாலையில் வீட்டுக்குப் போகலாம், வேண்டாம் என்றால் வேலையை விட்டும் போகலாம். கலத்தில் பிறந்தவருக்கு அந்த வசதி இல்லை.

இவை நிறுவனங்களின் வயது. ஒரு சமூகம் தன் மொழியைச் சுமந்துகொண்டு பெயர்ந்த நெடும்பயணத்திற்கும் புனேயிலிருந்தே நூல் பிடிக்கலாம். போன்ஸ்லே குடும்பம் புனே ஜாகிரை ஆண்ட குடும்பம். சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான ஏகோஜி 1676-இல் தஞ்சாவூரில் ஆட்சியை நிறுவினார். ரிஷோ புதுச்சேரியில் தொலைநோக்கியைத் திருப்பியது அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயருக்குத் தப்பித் தெற்கு நோக்கி வந்து செஞ்சியில் தங்கி ஆண்ட காலம் அது. தஞ்சை மராத்தியர் ஆட்சி 1855 வரை நீடித்தது. ஆட்சி போனபின்னும் மொழி போகவில்லை. தஞ்சாவூர், கும்பகோணம் பகுதிகளிலும் பின்னர் சென்னையிலும் வாழும் குடும்பங்களில் அது வீட்டுமொழியாக ஏறத்தாழ 350 ஆண்டுகளைக் கடந்திருக்கிறது. 350 ஆண்டுகளில் பிராக்சிமாவை அடைய ஒளிவேகத்தில் 1.2 விழுக்காடு போதும். அதுவே வாயேஜரின் வேகத்தைப் போல் 200 மடங்குக்கு மேல்.

வந்து சேர்ந்தது என்ன? கும்பகோணத்துத் தஞ்சாவூர் மராத்திக் குடும்பத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் பணிநிமித்தம் புனேக்கு வந்தார். முதல் வாரத்தில் காய்கறிக் கடையில் தம் வீட்டு மராத்தியில் பேசியிருக்கிறார். கடைக்காரருக்குப் பாதிக்கு மேல் புரிந்தது. காயை நிறுத்துக் கொடுத்தபின், “தாதா, உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்டாராம். நண்பரின் மொழியில் இங்கே வழக்கொழிந்த பழைய வடிவங்கள் சில எஞ்சியிருக்கின்றன. தமிழிலிருந்து பெற்ற சொற்களும் தொடரமைப்புகளும் ஊடாடுகின்றன. அதாவது தஞ்சை மராத்தி மட்டும் மாறவில்லை. புனே மராத்தியும் தன் போக்கில் மாறியது. கலமும் நகர்ந்தது, துறைமுகமும் நகர்ந்தது. கலைகளிலும் இதுவே நிகழ்ந்தது. புனேயில் லாவணி என்றால் இன்று ஆட்டமும் பாட்டுமாகிய மேடைக்கலை. தஞ்சை வட்டாரத்தில் லாவணி என்பது காமன் பண்டிகையில் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் எதிரெதிரே அமர்ந்து பாடும் வாதப்பாட்டு.

இன்னொரு செய்தியும் இங்கே கவனிக்கத்தக்கது. இரண்டாம் சரபோசி காலத்தில், 1803-இல், போன்ஸ்லே வம்ச வரலாறு மராத்தியில் நெடிய கல்வெட்டாகப் பெரிய கோயிலில் பொறிக்கப்பட்டது. ஏகோஜி வந்து 127 ஆண்டுகள் கழித்து, புறப்பட்ட இடத்தைக் கண்ணால் காணாத தலைமுறை ஒன்று, தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பதைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டிய தேவையை உணர்ந்திருக்கிறது. நடுவழித் தலைமுறை தன் புறப்பாட்டை எழுதி வைத்துக்கொள்ளும் செயலாகவே நான் அதைப் படிக்கிறேன்.

2020-இல் ஆண்ட்ரூ மெக்கென்சி, ஜெஃப்ரி பன்ஸ்கி என்னும் அமெரிக்க மொழியியலாளர் இருவர், விண்மீனிடைக் கலத்தில் மொழி எவ்வாறு மாறும் என்பது பற்றி ஆய்வுக்கட்டுரை ஒன்று வெளியிட்டனர். தலைமுறைகள் கடந்தபின் கலத்து மக்களும் பூமி மக்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வது அரிதாகலாம் என்பதும், பின்னால் வரும் கலத்தினர் முன்னால் சென்றவரின் மொழியைக் கற்க வேண்டிவரும் என்பதும் அவர்களின் எச்சரிக்கை. தஞ்சையையும் புனேயையும் அறிந்தவருக்கு இதில் வியப்பு இல்லை. தஞ்சைக்கும் மகாராட்டிரத்திற்கும் இடையே ஆட்களும் சுவடிகளும் பாடகரும் வந்துபோக வழி இருந்தது. பிராக்சிமாவுக்கு அருகிலிருந்து ஒரு கேள்வி கேட்டால் விடை வர எட்டரை ஆண்டுகள் ஆகும்.

எத்தனை பேர் போக வேண்டும் என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. மரபணு வளத்தைக் காக்க 40,000 பேர் வேண்டும் என்பது கேமரன் ஸ்மித் 2014-இல் செய்த கணிப்பு. 6,300 ஆண்டுப் பயணத்திற்குக் கட்டுப்பாடான இனப்பெருக்கத்தோடு 98 பேர் போதும் என்பது மரின், பெலூஃபி ஆகியோர் 2018-இல் செய்த கணிப்பு. மரபணுவுக்கு 98 பேர் போதும் என்றே வைத்துக்கொள்வோம். மருத்துவரும் ஆசிரியரும் பொறியாளரும் கதைசொல்லியுமாக ஓர் அறிவுமரபை முழுதாகக் கைமாற்ற அது போதுமா? அந்தக் கட்டுப்பாட்டை ஏற்பதாக, இன்னும் பிறவாத நூற்றுக்கணக்கான தலைமுறைகளின் சார்பில் கையெழுத்திடுபவர் யார்?

6,300 ஆண்டு எவ்வளவு நீண்டது என்பதை நம் மொழியால் அளந்து பார்க்கலாம். தமிழி எழுத்துகள் பாறையில் பொறிக்கப்பட்ட காலம் முதல் இன்றுவரை, குறைவாகக் கொண்டாலும் 2,200 ஆண்டுகள். பழைய பாடல்களை நாம் இன்று படித்துப் புரிந்துகொள்வது உரையாசிரியர்கள் இடையில் நின்று கைகொடுத்ததால். ஏடு பெயர்த்து எழுதியவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்ததால். எழுத்துடைய தமிழின் முழு வரலாற்றையும் ஒரே பயணமாக்கினாலும், பிராக்சிமாவை அடைய நொடிக்கு 578 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அது வாயேஜரின் வேகத்தைப் போல் 34 மடங்கு. பார்க்கர் கலத்தின் உச்ச வேகத்தைப் போல் மூன்று மடங்கு. ஆகவே இன்றைய வேகத்தில் போகும் மனிதப் பயணம் எனப்படுவது, எந்த மொழியும் எந்த அரசும் எந்த நூலகமும் இதுவரை தாக்குப்பிடித்திராத காலத்தைக் கேட்கும் பயணம். இயந்திரம் அவ்வளவு காலம் ஓடலாம். இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று எழுதிவைத்த கையேட்டைப் படிக்கத் தெரிந்தவர் இருப்பாரா என்பதே கேள்வி.

மனிதர் போகாவிட்டாலும் மனிதக் குரல் போய்க்கொண்டிருக்கிறது. வாயேஜர் கலங்கள் சுமந்து செல்லும் தங்கமுலாம் பூசிய ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்துகள் உள்ளன. மராத்தி, தெலுங்கு, கன்னடம், சிங்களம் உண்டு. தமிழும் மலையாளமும் இல்லை. இதைச் சதி என்று வருத்தப்படும் பதிவுகளை அவ்வப்போது காண்கிறேன். அவ்வாழ்த்துகளில் பெரும்பாலானவை கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த, அப்போது கிடைத்த பேச்சாளர்களைக் கொண்டு குறுகிய காலத்தில் பதியப்பட்டவை. ஒலிவாங்கியின் முன் யார் இருந்தாரோ அவருடைய மொழி போயிற்று. அதே தட்டில் கோவாவில் பிறந்த கேசர்பாய் கேர்கரின் பைரவி ராகப் பாடல் ஒன்றும் இருக்கிறது; “எங்கே போகிறாய்” என்னும் பொருளுடைய தலைப்பால் அறியப்படும் பாடல். வாயேஜர் 1 ஏவப்பட்டது 1977 செப்டம்பர் 5. கேசர்பாய் மறைந்தது அதே மாதம் 16-ஆம் நாள். இன்னும் சுமார் 40,000 ஆண்டுகளில் அக்கலம் கிளீசே 445 என்னும் விண்மீனை 1.6 ஒளியாண்டு தொலைவில் கடக்கும். அருகில் செல்வது என்பதற்கு அங்கே பொருள் அவ்வளவுதான்.

அந்த மாணவியின் கேள்விக்கு என் விடை இதுதான். ஒளிவேகத்தில் பத்து விழுக்காட்டை மனிதக் கலம் எட்டும் நாள் வந்தால், இளமையில் புறப்பட்டவர் முதுமையில் சேரலாம். அவர்கள் ‘நாங்கள் சேர்ந்துவிட்டோம்’ என்று சொல்லலாம். அதற்குக் குறைந்த வேகத்தில், புறப்படுபவர் ‘நாங்கள்’, சேர்பவர் ‘அவர்கள்’. இருவரையும் ‘நாம்’ என்று இணைக்கும் வேலையை எந்த உந்துபொறியும் செய்யாது. கற்பிப்பவரும் படியெடுப்பவரும் உரை எழுதுபவரும் அகராதித் துண்டுகளை அடுக்குபவரும் செய்யும் வேலை அது. பூமியிலேயே அதை நாம் ஒழுங்காகச் செய்து முடித்ததாகத் தெரியவில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கும்பகோணத்து நண்பரின் வீட்டில் பாட்டி மராத்தியில் கேட்கிறார்; பேரப்பிள்ளைகள் தமிழில் விடை சொல்கிறார்கள். 350 ஆண்டுப் பயணம் இந்தத் தலைமுறையோடு நின்றுவிடக்கூடும். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ தஞ்சாவூர் மராத்தியோ, சௌராட்டிரமோ, இப்படி நெடுந்தொலைவு வந்த வேறு எந்த வீட்டுமொழியோ பேசும் பெரியவர்கள் இருந்தால், அவர்களுடைய ஒப்புதலைப் பெற்று ஒரு மணிநேரம் பேசச் செய்து கைப்பேசியில் பதிந்து வையுங்கள். சமையல், திருமணம், ஊர்க்கதை, எதுவாயினும் சரி. நாளும் இடமும் குறித்து வையுங்கள். ஆய்வு மாணவர்கள் அத்தகைய பதிவுகளை எழுத்தாக்க முன்வந்தால், அதற்கான வழிமுறைகளைப் பகிர நான் அணியமாக இருக்கிறேன்.